லோடு எந்தப் பக்கம்?

மார்ச் 4

அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். அடித்தது தெரிந்தால் தெரியட்டும். நீங்கள் ஒன்பது முறை போன் செய்தீர்கள், நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன். கத்திவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடப்பேன். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் சொல்லியிருப்பார். என்னை சஸ்பெண்ட் செய்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஊரை விட்டுப் போகக் கூடாது, சப்-ஸ்டேஷன் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆனால் குவார்ட்டர்ஸ் ஜன்னலைத் திறந்தால் டிரான்ஸ்ஃபார்மர் இரைவது கேட்கிறது. வேலையை விட்டு நிறுத்தினாலும் அதன் சத்தத்தை நிறுத்த மாட்டார்கள் போலிருக்கிறது.

நடந்ததை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 19, பிற்பகல் இரண்டு பத்து. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒரு கிரேனின் கை முதல் லைனில் பட்டது. ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். முதல் லைன் டிரிப் ஆனது, அது ஆக வேண்டியதுதான். ஒரு பாவமும் செய்யாத இரண்டாவது லைனும் அதே நொடியில் டிரிப் ஆனது. வெளியிலிருந்து ஊருக்குக் கரண்ட் வர இருப்பதே இந்த இரண்டு லைன்கள்தான். மூன்று மணி நேரம் தண்ணீர் இறைக்கும் பம்ப் முதல் பல் டாக்டரின் நாற்காலி வரை எல்லாம் நின்றது.

மறுநாள் பேனலைத் திறந்து பார்த்தார்கள். இரண்டாவது லைனில் பழுதைக் கண்டு வெட்டச் சொல்லும் ரிலேக்குப் போகும் இரண்டு ஒயர்கள் வரைபடத்துக்கு நேர்மாறாக மாட்டியிருந்தன. பேனலின் சீலும் உடைந்திருந்தது. சீலை உடைத்தது நான்தான். ஜனவரியில் பேனலுக்குள் விளக்கு எரியவில்லை. சாவி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுத் திறந்து, பல்பை மாற்றிப் பூட்டினேன். ஒயரைத் தொடவில்லை.

அந்தப் பேனலைப் புதிதாக வைத்தபோது சோதித்து சீல் வைத்தது நீங்கள். மார்ச் 28 அன்று விசாரணை. ஒயரை நான் மாற்றினேன் என்று முடிவானால் வேலை போய்விடும். ஒரே கேள்விதான் கேட்கிறேன். டிசம்பர் 14 அன்று நீங்கள் பேனலை மூடும்போது அந்த இரண்டு ஒயரும் வரைபடத்தில் இருந்தபடியே இருந்தனவா?

உங்கள் கொழுந்தன்


மார்ச் 8

சின்னவனுக்கு,

நான் ‘அன்புள்ள’ என்று எழுதி அடிக்கவில்லை, எழுதவே இல்லை. கணக்கு சரியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் ரிப்போர்ட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். ‘இரண்டாவது லைன், திசை ரிலே, லோடு டெஸ்ட்: திசை சரி.’ கீழே என் கையெழுத்து. இந்த வேலையில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். சரியில்லாத ஒன்றைச் சரி என்று எழுதி ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. நான் மூடியபோது ரிலே சரியான திசையைத்தான் காட்டியது. அப்படியானால் ஒயரும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

பேனலைத் திறந்தது நீ என்று நீயே சொல்கிறாய். பல்பு மாட்டும்போது கை பட்டுக் கழன்றிருக்கலாம், எது எங்கே இருந்தது என்று தெரியாமல் திரும்ப மாட்டியிருக்கலாம். வேண்டுமென்றா செய்திருப்பாய்? அப்படி நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடு, தண்டனை குறையும். உன் அண்ணனிடமும் இதையேதான் சொன்னேன். அவர் எழுந்து போய் மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணியையெல்லாம் எடுத்து மடித்து வைத்தார். அவருக்குக் கோபம் வந்தால்தான் இந்த வீட்டில் துணி மடிக்கப்படுகிறது.

அத்தைக்கு உன் சஸ்பென்ஷன் தெரியாது. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறோம். “அவனுக்கு மட்டும் எப்பப் பாத்தாலும் என்ன டியூட்டி?” என்று தினமும் கேட்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

கை பட்டுக் கழன்றதாம், தெரியாமல் மாட்டினேனாம். அந்த முனைகளில் திருகாணியை எவ்வளவு இறுக்கி வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊரான் சொன்னால் தாங்கிக்கொள்வேன். நீங்கள் சொன்னதைத் தாங்க முடியவில்லை, அதை மறைக்கவும் போவதில்லை.

என்ன செய்வது. உட்கார்ந்து மீட்டர் ஊசியைப் பார்க்கிறவன்தானே நான்.

போகட்டும். விசாரணை அதிகாரி நிர்வாகப் பிரிவிலிருந்து வருகிறார். ரிலே என்றால் ஏதோ ஓட்டப்பந்தயம் என்று நினைத்திருந்தாராம். அவருக்குப் புரியும்படி ஒரு விளக்கம் எழுதியிருக்கிறேன். அண்ணியாக அல்ல, டெஸ்டிங் என்ஜினியராகப் படித்துத் தவறிருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

‘ஐயா, பெரிய நிலையத்திலிருந்து எங்கள் சின்ன நிலையத்துக்கு இரண்டு லைன்கள் அக்கம்பக்கமாக வருகின்றன. ஒன்றில் பழுது வந்தால் அதை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை ஓடவிட வேண்டும். ஆனால் பழுது வந்ததும் இரண்டு லைன்களிலும் கரண்ட் வெள்ளமாகப் பாயும். முதல் லைனில் பழுது என்றால், இரண்டாவது லைன் வழியாக எங்கள் நிலையத்துக்குள் வந்து, இங்கிருந்து முதல் லைனுக்குள் போய் அந்தப் பழுதில் விழும். எவ்வளவு கரண்ட் என்று மட்டும் பார்க்கிற ரிலே இரண்டு லைனையும் வெட்டிவிடும். அதனால் இங்கே திசை பார்க்கும் ரிலே வைத்திருக்கிறோம். கரண்ட் நிலையத்திலிருந்து லைனுக்குள் போனால், பழுது அந்த லைனில்தான், வெட்டு. லைனிலிருந்து நிலையத்துக்குள் வந்தால், பழுது வேறெங்கோ, சும்மா இரு. அதன் வேலை இவ்வளவுதான்.

கரண்ட் ஒரு நொடிக்குள் பல முறை முன்னும் பின்னும் போய்வருவது, அதற்கு ஏது திசை என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அறுக்கும் நீள ரம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரம்பத்தை மட்டும் பார்த்தால் யார் உழைக்கிறார், யார் சும்மா பிடித்திருக்கிறார் என்று தெரியாது. ஒருவருடைய தோளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் தோள் தள்ளும்போது ரம்பமும் அந்தப் பக்கமே போனால் உழைப்பு அவருடையது. தோளுக்கு எதிராக ரம்பம் வந்தால் உழைப்பு எதிராளியுடையது. ரிலேக்கு வோல்டேஜ் தோள், கரண்ட் ரம்பம். இரண்டையும் ஒத்துப் பார்த்துத்தான் திசை சொல்கிறது. கரண்டைக் கொண்டுவரும் இரண்டு ஒயர்களை மாற்றி மாட்டினால், போவதை வருவதென்றும் வருவதைப் போவதென்றும் சொல்லும். பிப்ரவரி 19 அன்று நடந்தது அதுதான்.’

இவ்வளவுதான். எப்படி மாறியது என்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை.


மார்ச் 15

சின்னவனே,

விளக்கத்தில் ஒரே ஒரு திருத்தம். ஒயரை மாற்றி மாட்டியும் இத்தனை நாள் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் கேட்பார். ஊருக்கு அன்றாடம் வரும் கரண்ட் சின்னது, ரிலே அதன் திசையைக் காட்டுமே தவிர லைனை வெட்டாது, பழுதின்போது பாய்கிற பெரிய கரண்டுக்குத்தான் விழித்துக்கொள்ளும் என்று சேர்த்துக்கொள். மற்றபடி நன்றாக எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் இந்த ரம்பம் எனக்குத் தோன்றியதில்லை.

அந்த ரம்பம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ரம்பத்தை மட்டும் பார்த்தால் தெரியாது, தோளையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நான் அன்றைக்கு எதைப் பார்த்தேன்?

வேலை நடக்கும் இடத்தில் நான் பென்சிலால் ஒரு குறிப்பு நோட்டில் எழுதுவேன். ஆபீஸுக்கு வந்த பிறகுதான் ரிப்போர்ட்டை நன்றாக எழுதுவது. அந்த நோட்டைத் தேடினேன். பழைய கைப்பையில், ஒரு குடைக்கு அடியில் கிடந்தது. டிசம்பர் 14 பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘திசை எதிராகக் காட்டுகிறது. இரண்டு ஒயரை மாற்றியது. மறுபடி பார்த்தது. சரி.’

என் கையெழுத்துதான். ஒயரை மாற்றியது நான்.

எப்படி மறந்தேன் என்று கேட்பாய். புதுப் பேனல்களில் பத்துக்கு இரண்டு தலைகீழாகத்தான் ஒயர் மாட்டி வரும். மாற்றிப் போடுவது எனக்குக் கால் மாறிய செருப்பைச் சரியாகப் போடுவது போலத்தான், அது நினைவிலேயே நிற்பதில்லை. ரிப்போர்ட்டில் ‘சரி’ என்ற கடைசிச் சொல்லை மட்டும் எழுதிவிட்டேன்.

இது தெரியாமல் உன்னிடம் ‘மறைக்காமல் சொல்லிவிடு’ என்று எழுதினேன். அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஆனாலும் ஒன்று புரியவில்லை. லோடு டெஸ்ட் என்பது லைனில் கரண்டை ஓடவிட்டு, ரிலே சொல்லும் திசையும் உண்மையான திசையும் ஒன்றா என்று பார்ப்பதுதான். உங்கள் நிலையத்துக்குக் கரண்ட் உள்ளேதான் வரும். ரிலேயோ வெளியே போகிறது என்றது. அதனால்தான் மாற்றினேன். மாற்றியபின் உள்ளே வருகிறது என்றது. அப்புறம் எப்படித் தலைகீழாகும்? ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அதை எழுதவே கை வரவில்லை. அன்று கேட்டிருக்க வேண்டியதை மூன்று மாதம் கழித்துக் கேட்கிறேன்.

அன்றைக்கு லோடு எந்தப் பக்கம்?


மார்ச் 18

அண்ணி,

வெளியே.

டிசம்பர் 14 ஞாயிற்றுக்கிழமை. கடைகள், பட்டறைகள் எல்லாம் மூடியிருந்தன. காகித மில் மட்டும் சொந்த ஜெனரேட்டரை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தது. மில் கொடுத்ததை ஊரால் தின்ன முடியவில்லை. மிச்சம் எங்கள் நிலையம் வழியாக இரண்டு லைனிலும் ஏறிப் பெரிய நிலையத்துக்குப் போனது. வருஷத்தில் நாலைந்து நாள் இப்படி நடக்கும். லாக் புக்கில் மணிக்கு மணி எழுதியிருக்கிறேன். ரிலே உண்மையைத்தான் சொன்னது. நீங்கள் அதைப் பொய்யாக்கிவிட்டீர்கள்.

இதோடு நிறுத்தினால் நான் யோக்கியன். ஆனால் இன்னும் இருக்கிறது.

நடுவில் பூஜ்யம் போட்ட அந்த மீட்டர் என் மேஜைக்கு நேர் எதிரே இருக்கிறது. உள்ளே வந்தால் ஊசி வலது பக்கம் சாயும், வெளியே போனால் இடது பக்கம். அன்று காலையிலிருந்தே இடது பக்கம்தான். எத்தனை டெஸ்ட் ஒன்றாகச் செய்திருக்கிறோம்! ஒவ்வொரு முறையும் பேனலுக்குப் பின்னாலிருந்து நீங்கள் குரல் கொடுப்பீர்கள், “லோடு எந்தப் பக்கம்?” என்று. நான் ஊசியைப் பார்த்துச் சொல்வேன். எந்த விதிப்புத்தகத்திலும் இது இல்லை, நம் பழக்கம். அன்று நீங்கள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் எனக்குப் பேசிய இடத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண்ணின் அப்பா கேட்டார். “பெரிசா ஒண்ணுமில்ல, உக்காந்து ஊசியப் பாத்துக்கிட்டு இருப்பான்” என்று நீங்கள் சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சம்பந்தம் போனதற்கு நான் அழவில்லை. நம் இரண்டு பேருக்குள் இருந்த கேலியை நீங்கள் வெளியார் முன்னால் எடுத்துப் போட்டீர்கள், அதுதான் வலித்தது. அதனால் பேச்சை நிறுத்தினேன்.

டிசம்பர் 14 அன்று நான்கு மணி நேரம் ஒரே கட்டடத்தில் இருந்தோம். நீங்கள் பின்னால், நான் முன்னால். நீங்கள் கேட்காமல் விட்டது என் காதில் விழுந்தது அண்ணி. ‘இவ்வளவு பெரிய என்ஜினியருக்கு ஊசி பார்க்கிறவன் எதற்கு’ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஒயரை மாற்றப் போவது எனக்குத் தெரியாது. ஆனால் ஊசி இடது பக்கம் இருந்தது தெரியும். நாற்காலியை விட்டு எழாமலே சொல்லியிருக்கலாம்.

அந்த நோட்டை என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன். டெஸ்டிங் பிரிவின் தலைமைப் பதவிக்கு உங்கள் பெயர் போயிருக்கிறது, இந்த மாதக் கடைசியில் முடிவு என்று அண்ணன் முன்பே சொன்னார். அது எனக்குத் தெரியும் என்பதையும் உங்களிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். சொல்லாமல் இருந்தது போதும்.


மார்ச் 21

சின்னவனே,

உன் கடிதம் வந்து ஒரு நாள் முழுக்க நான் நல்லவளாக இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நோட்டில் இருப்பது பென்சில் எழுத்து. மேஜையில் ரப்பர் இருக்கிறது. ‘இரண்டு ஒயரை மாற்றியது’ என்பது மூன்றே சொல். நான் ரப்பரைக் கையில் எடுத்தேன். அந்தத் தலைமை நாற்காலிக்கு ஆறு வருஷமாகக் காத்திருக்கிறேன். அந்தப் பிரிவில் இதுவரை ஒரு பெண் அதில் உட்கார்ந்ததில்லை. எனக்கு அது வேண்டும். ஆசையில்லை என்று சொன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.

உன் அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நேராகக் கொடிக்குப் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இன்னும் காயல” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும் வந்தது. ரப்பரைப் பெட்டிக்குள் போட்டேன்.

அந்தப் பக்கத்தின் நகலையும் என் வாக்குமூலத்தையும் நேற்று விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன் லாக் புக்கை வரவழைக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னக் குழந்தைக்கும் புரியும்.

இனி அந்தச் சம்பந்தம். நுணலும் தன் வாயால் கெடும். அன்று நான் நுணல், கெட்டது நீ. விளையாட்டாகச் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது விளையாட்டு இல்லை. வந்தவர்கள் என் வேலையைக் கேட்டு மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்த மரியாதை இன்னும் கொஞ்சம் கிடைக்கட்டும் என்று உன்னைக் கொஞ்சம் தாழ்த்தினேன். என்னை மன்னித்துவிடு. டிசம்பரில் உன் நிலையத்துக்கு வந்தபோதே இதைச் சொல்லத்தான் நினைத்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய், நானும் வீம்பு பிடித்தேன். நான் குரல் கொடுத்து நீ பதில் சொல்லாவிட்டால் கூட இருக்கிற ஹெல்பர் முன்னால் அவமானம் என்று பயந்துதான் கேட்காமல் விட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீ பார்த்தும் சொல்லாமல் இருந்ததை விசாரணையில் சொல்லாதே. கேட்காமல் ஒயரை மாற்றியது என் தவறு. கேட்காததற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஒரு வீட்டில் ஒருத்தர் அடிபட்டால் போதும்.

அண்ணி


மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று விசாரணை முடிந்தது. அதிகாரி பொறுமைசாலி. என் விளக்கத்தை மூன்று முறை படித்திருக்கிறார். தன் மாமனார் மர அறுவை ஆள் என்றும், ரம்பம் விஷயம் முற்றிலும் உண்மை என்றும் சொன்னார். உங்கள் நோட்டுப் பக்கத்தையும் என் லாக் புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பத்து நிமிஷத்தில் என் மேலிருந்த குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம் என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.

உங்கள் வேண்டுகோளை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வாசல் வரை போயிருந்தால் வீட்டுக்கு வந்திருப்பேன், ஆனால் அந்த மீட்டருக்கு எதிரே மறுபடி உட்கார்ந்திருக்க முடியாது. “சார், இன்னும் ஒண்ணு எழுதிக்கணும்” என்றேன். என்ன என்றார். “அன்னைக்கு லோடு வெளிய போறத நான் பாத்தேன். அவங்க கேக்கல. நானும் சொல்லல” என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். குடும்பத் தகராறு என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

என் ஃபைலில் ஒரு கண்டனம் சேரும், இரண்டு வருஷத்துக்குப் பதவி உயர்வு பேச முடியாது. திட்டாதீர்கள்.

இந்தக் கடிதத்தில் ‘அன்புள்ள’ அடிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்கவும்.


ஏப்ரல் 18

அன்புள்ள சின்னவனுக்கு,

கவனித்தேன். அத்தையிடமும் படித்துக் காட்டினேன், விசாரணை வரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு. “இதுல என்ன விசேஷம், எல்லாக் கடுதாசியும் அப்படித்தான ஆரம்பிக்கும்?” என்றார்.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு விசாரணை நாற்காலியில் நீ எழாமல் உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டேன். திட்ட வரவில்லை.

ஆணை வந்துவிட்டது. தலைமை நாற்காலி பக்கத்துப் பிரிவுக்காரருக்குப் போனது. நல்ல மனிதர்தான். என்னைப் பார்த்தால் மட்டும் குற்றவாளி போலக் குனிந்துகொள்கிறார். வருத்தம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. முதல் வாரம் ஆபீஸில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். எனக்குக் கொடுத்த வேலை, மூன்று வருஷமாக நான் சோதித்த திசை ரிலேக்கள் முப்பத்தொன்றையும் மறுபடி சோதிப்பது. தண்டனை என்று நினைத்துக் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் நானே கேட்டிருப்பேன். எந்தப் பேனலில் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஒளிந்திருக்கிறதோ.

முதலில் உங்கள் நிலையம்தான். ஏப்ரல் 27, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. உனக்கு அன்று பகல் ஷிப்ட்தான் என்று விசாரித்துக்கொண்டேன்.

ஒயரை வரைபடப்படி மாட்டிவிட்டார்கள், மறுபடி வரத் தேவையில்லை என்று உங்கள் ஆட்கள் எழுதியிருந்தார்கள். வரைபடத்தை நம்ப மாட்டேன், என்னையும் நம்ப மாட்டேன் என்று பதில் எழுதினேன். பேனலுக்குப் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்பேன். தெருவே கேட்கும்.

அண்ணி


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணிக்கு,

புது சீல் வந்துவிட்டது. பேனல் விளக்கும் எரிகிறது. நீங்கள் உட்கார முக்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். அண்ணனையும் அம்மாவையும் கூட்டி வாருங்கள், டெஸ்ட் முடியும் வரை குவார்ட்டர்ஸில் இருக்கட்டும். அம்மாவிடம் எல்லாவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். கொடியில் அண்ணனுக்காகத் துணி காயப்போட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை மில் ஓடுமா, ஊர் எவ்வளவு இழுக்கும், கரண்ட் உள்ளே வருமா வெளியே போகுமா என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஊசியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைப் பார்க்க நான் இருப்பேன்.

நீங்கள் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

உங்கள் கொழுந்தன்